காணியும் குவார்ட்டர்ஸும்

நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த பிளாக்?" என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "குவாட்டர்ஸா, வெளியிலயா?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்றதைத் தானாகவே ஊகித்துக்கொள்வார்கள். பிளாக் எண்ணிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடமும் கோயிலும் தெரியும். வீட்டின் 'டைப்' தெரிந்தால் வீட்டுக்காரரின் பதவி தெரியும், சம்பளமும் ஏறத்தாழ தெரியும். 'வெளியில்' என்றால் வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் சொந்தமாகக் கட்டிய வீடு, இல்லாவிட்டால் வாடகை வீடு.

'குவார்ட்டர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அங்கே யாரும் ஆங்கிலம் என்று நினைத்துப் பேசுவதில்லை. பால்காரரும் கோயில் குருக்களும் கீரை விற்கும் அம்மாவும் சொல்லும் சொல் அது. "குவாட்டர்ஸ் கெடச்சாச்சா?" "குவாட்டர்ஸ் மாத்திட்டோம்." "அடுத்த வருஷம் அப்பா ரிட்டயர்டு, குவாட்டர்ஸ் காலி பண்ணணும்." எழுத்தில் வரும் 'ர்' பேச்சில் விழுந்துவிடும். கடைசியில் நிற்கும் 'ஸ்' மட்டும் விழாது. அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் அது பன்மை. தமிழில் அதற்கு வேறு வேலை. "ரெண்டு குவாட்டர்ஸ் காலியா இருக்கு" என்றால் வீடு. "ரெண்டு குவாட்டர்" என்றால் டாஸ்மாக். ஒன்றோ பத்தோ, வீட்டுக்கு 'ஸ்' உண்டு, பாட்டிலுக்குக் கிடையாது. இலக்கணம் எழுதிய யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கு எடுத்துக்கொண்ட மக்கள் குழப்பம் வராமல் தாமே செய்துகொண்ட ஏற்பாடு இது.

கால்பங்கு என்று பொருள்படும் ஒரு சொல் எப்படி வீடாயிற்று என்பதுதான் இங்கே கேள்வி. அதைத் தொடர்ந்து போனால் இன்னொரு கேள்வியும் வந்து நிற்கும்: தமிழ்ப் பின்னங்கள் என்னவாயின?

லத்தீனில் 'குவார்ட்டுஸ்' என்றால் நான்காவது. அதிலிருந்து 'குவார்ட்டாரியுஸ்' வந்தது. அது ரோமானியர்களின் ஒரு முகத்தலளவை. 'செக்ஸ்டாரியுஸ்' என்ற பெரிய அளவையில் நாலில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் சுமார் 136 மில்லி. திராட்சை மதுவை அளக்கவும் அது பயன்பட்டது. பழைய பிரெஞ்சு அதைக் 'கார்த்தியே' என்று எடுத்துக்கொண்டது. 1300-ஐ ஒட்டி அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, பிறப்பை வைத்துப் பார்த்தால் டாஸ்மாக் வாசலில் கேட்கப்படும் 'குவாட்டர்'தான் மூதாதையின் பொருளுக்கு நெருக்கமானது. வீடு பின்னால் வந்தது. வீட்டுப் பொருளுக்குத்தான் மரியாதை அதிகம் என்பதால் இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

லத்தீன் 'குவாட்டுவோர்', சமஸ்கிருதச் 'சதுர்' இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் கிழக்குக் கிளை தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டது. சதுரம், சதுரங்கம், சதுர்த்தி, சதுக்கம் எல்லாம் அந்த வழி. சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பூதம் காவல் நின்றது சதுக்கத்தில். சென்னையில் அண்ணா சதுக்கம் இருக்கிறது. 'ஸ்கொயர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே நாலில் பிறந்ததுதான். ஆகவே சதுக்கத்தைத் தாண்டிக் குவார்ட்டர்ஸுக்குப் போகிறவர் ஒரே வேரின் இரண்டு கிளைகளைக் கடக்கிறார். ஒன்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு வடக்கிலிருந்து வந்தது, மற்றது கப்பலில் வந்தது. 'நான்கு' மட்டும் நம்முடையது. இந்தக் குடும்பத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அளவையிலிருந்து இடத்துக்கு எப்படித் தாவியது? திசை நான்கு. காற்று எந்தக் 'குவார்ட்டரி'லிருந்து வீசுகிறது என்று மாலுமி கேட்டான். ஊரையும் நாலாகப் பிரித்தார்கள். ரோமானியப் படை முகாமும் அதைப் பார்த்து எழுந்த நகரங்களும் குறுக்கே வெட்டும் இரண்டு பெரிய வீதிகளால் நாலு துண்டாயின. ஜெருசலேமின் பழைய நகரம் முஸ்லிம், கிறிஸ்தவ, ஆர்மீனிய, யூதப் பகுதிகள் என்று இன்றும் நாலாகவே சொல்லப்படுகிறது. காலப்போக்கில் நாலு என்ற கணக்கு மறந்து, பகுதி என்பது மட்டும் மிஞ்சியது. பாரிஸில் இருபது வட்டாரங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி நாலாகப் பிரித்து எண்பது 'கார்த்தியே' வைத்திருக்கிறார்கள். நெய்வேலியிலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அங்கே கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர் தெருக்களைப் பயண ஏஜென்டுகள் 'பிரெஞ்சு குவார்ட்டர்' என்கிறார்கள். அந்த ஊர் நாலாகப் பிரிக்கப்பட்டது அல்ல. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை ஊர், மேற்கே கறுப்பு ஊர் என்று பிரெஞ்சுக்காரர்கள் இரண்டாகத்தான் பிரித்தார்கள்.

வீட்டுப் பொருள் படைவீரனோடு வந்தது. ஓர் ஊருக்குள் படை நுழைந்தால் இந்தப் பகுதி இந்தக் கம்பெனிக்கு என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கிய பகுதி 'குவார்ட்டர்', அங்கே கிடைக்கும் கூரை 'குவார்ட்டர்ஸ்'. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த வழக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. தளபதி தங்கும் இடம் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆனது அடுத்த நூற்றாண்டில். அந்தக் கூரை பெரும்பாலும் வேறொருவருடையது. வீட்டுக்காரர் சோறும் போட்டு, படுக்கையும் கொடுக்க வேண்டும். 1628-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் மன்னரிடம் கொடுத்த உரிமை மனுவில், சிப்பாய்களை வீடுகளில் வலுக்கட்டாயமாகத் தங்கவைப்பது ஒரு முக்கியக் குறை. அமெரிக்க விடுதலைப் போருக்கு முந்தைய ஆத்திரங்களிலும் இது ஒன்று. 1791-இல் அவர்கள் அரசமைப்பின் மூன்றாவது திருத்தமாக, அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் எந்த வீட்டிலும் சிப்பாயைத் தங்கவைக்கக் கூடாது என்றே எழுதிவைத்தார்கள். குவார்ட்டர்ஸ் என்ற சொல் பிறக்கும்போதே அதற்குள் மூன்று பேர் இருந்தார்கள்: ஒதுக்குகிற அதிகாரி, தங்குகிற ஆள், இடத்தை இழக்கிறவர். நெய்வேலிக்கு வரும்போதும் இந்த மூவரும் கூடவே வந்தார்கள்.

படைக் கூடாரத்துக்கு நம்மிடம் பாசறை, பாடி, படைவீடு என்று சொற்கள் நிறையவே இருந்தன. அவற்றில் 'படைவீடு' முருகனுக்குப் போய்விட்டது. ஆற்றுப்படை என்பதே திரிந்து ஆறு படைவீடு ஆயிற்று என்று வாதிடும் புலவர்கள் உண்டு. எப்படியானாலும், இன்று படைவீடு என்றால் யாருக்கும் ராணுவம் நினைவுக்கு வராது. வெள்ளைக்காரன் வந்தபோது அந்த இடத்துக்குப் புதுச்சொற்கள் தேவைப்பட்டன. பரங்கிமலையில் 'கண்டோன்மென்ட்' வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் அடியும் மூலை, பகுதி என்ற பொருள்தான். படையைப் பகுதி பகுதியாகத் தங்கவைப்பது.

'குவார்ட்டர்' என்ற சொல்லுக்கு உயிர்ப்பிச்சை என்றும் ஒரு பொருள் உண்டு. 'நோ குவார்ட்டர்' என்றால் சரணடைந்தவனையும் கொல்வோம் என்ற அறிவிப்பு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழக்கு தெரிகிறது. ஏன் இப்படி என்பதற்கு இரண்டு விளக்கங்கள். டச்சுக்காரரும் ஸ்பானியரும் சண்டை போட்ட காலத்தில், பிடிபட்டவனின் சம்பளத்தில் கால்பங்கை மீட்புப் பணமாகக் கட்டினால் விடுவிப்பது என்று உடன்பாடு இருந்ததாக ஒரு கதை. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆதாரம் பலவீனம். மொழி வழக்கும் அதற்கு ஒத்துவரவில்லை. கால்பங்கைக் கட்டுகிறவன் கைதி. அப்படியிருக்க, வென்றவன் குவார்ட்டர் 'கொடுக்கிறான்' என்று ஏன் சொல்ல வேண்டும்? மற்ற விளக்கம் எளிமையானது. சரணடைந்தவனைக் கொல்லாமல் வைத்துக்கொண்டால் அவனுக்குத் தங்க ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். இடம் கொடுப்பது உயிர் கொடுப்பது என்றாயிற்று. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. இந்தப் பொருள் தமிழுக்கு வரவில்லை. ராஜத்துரோகிகளின் உடலை நாலாகக் கூறுபோடும் தண்டனைப் பெயரும் வரவில்லை. இங்கிலாந்தே 1870-இல் அதைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

தமிழர்களைக் கூட்டமாக வேலைக்குக் கொண்டுபோன இடங்களில் குவார்ட்டர்ஸுக்கு முந்தி வந்தது 'லைன்'. படை முகாமில் வரிசையாக நிற்கும் குடிசைகளுக்கு 'லைன்ஸ்' என்று பெயர். தோட்டத்துரைகள் அதே அமைப்பையும் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இலங்கை மலையகத்தில் அது 'லயன்' ஆகி, 'லயம்' ஆயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அங்கே போகும் வழியில் மண்டபம் முகாமில் அடைத்துவைத்தார்களே 'குவாரண்டைன்' என்று, அதுகூட நாற்பது நாள் என்ற இத்தாலியக் கணக்கிலிருந்து வந்தது. நாலின் தூரத்து உறவு. ரயில்வே வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. பொன்மலை ரயில்வே காலனியில் கிடைத்தது தனி வீடு. லயம் கூலியாளுக்கு, குவார்ட்டர்ஸ் உத்தியோகஸ்தருக்கு என்ற படிநிலை அப்போதே விழுந்துவிட்டது. போலீஸ் குவார்ட்டர்ஸ், ஈ.பி. குவார்ட்டர்ஸ், ஹவுசிங் போர்டு குவார்ட்டர்ஸ் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை.

நெய்வேலியில் இது ஓர் ஊரின் அளவுக்குப் பெருகியது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தானாகப் பீறிட்ட தண்ணீரோடு கருநிறத் துகள்கள் வந்தன. அது பழுப்பு நிலக்கரி. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். இறைத்தார்கள். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மண்வெட்டும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ஆட்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட. முந்திரிக் காடும் பலாத் தோப்பும் மானாவாரிக் கொல்லையுமாக இருந்த இடத்தில் இவர்களுக்கெல்லாம் வாடகைக்கு வீடு எங்கே கிடைக்கும்? நிறுவனமே ஊரைக் கட்டியது. நேர்க்கோட்டுச் சாலைகள், முப்பதை ஒட்டிய பிளாக்குகள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் தோட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் டவுன்ஷிப்பில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள்.

'பிளாக்' பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் காதுக்கு ஆங்கிலத்தின் இரண்டு சொற்கள் இங்கே ஒன்றாகிவிடும்: ஊரின் துண்டும் கருப்பு நிறமும். நெய்வேலிக் கரி பார்வைக்குப் பழுப்பு என்பதால் இரண்டாவது பொருள் சினிமா டிக்கெட்டோடு நின்றுவிட்டது. ஊரை எண்ணிட்டுப் பிரிப்பதும் நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஊரை முப்பது குடும்பாகவும் பன்னிரண்டு சேரியாகவும் பிரித்துச் சொல்கின்றன. அந்தக் காலத்தில் 'சேரி' என்றால் சேர்ந்து வாழும் பகுதி, அவ்வளவுதான். ஆங்கிலக் 'குவார்ட்டர்' மாதிரியே. பிறகு அந்தச் சொல்லைச் சாதி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். குவார்ட்டர்ஸ் என்ற சொல்லுக்கு அந்த வரலாறு இல்லை. பல சாதிக்காரர்களும் பல மொழிக்காரர்களும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வாழ முடிந்ததற்கு வீட்டை ஊர்வழக்கம் ஒதுக்காமல் பணிமூப்பும் சம்பளப் படியும் ஒதுக்கியது ஒரு காரணம். டவுன்ஷிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமானால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த ஒதுக்கீட்டுக்கென்று ஒரு தனிப் பேச்சுமொழியே இருக்கிறது. அலாட்மென்ட், சீனியாரிட்டி, டைப், வேக்கன்ட் லிஸ்ட், மியூச்சுவல். பணியாளரின் மனைவிக்கும் இவை அத்துப்படி. டெல்லியில் மத்திய அரசுக் குடியிருப்புகள் டைப் ஒன்று முதல் எட்டு வரை போவதுபோல், இங்கும் வீட்டின் அளவு பதவியோடு ஏறும். அலாட்மென்ட் வந்த வாரம் பின்பக்கம் முருங்கைக் குச்சி நடுவார்கள். ஒரு மாங்கன்று, இடம் இருந்தால் பலா. அது பண்ருட்டிப் பக்கத்து மண். எதை வைத்தாலும் பிழைக்கும். பத்தாவது வருடம் பலா காய்க்கும்போது பதவி உயர்வு வந்து பெரிய டைப்புக்கு மாறிப் போவார்கள். புதிதாக வருகிறவருக்குப் பழம் போகும். பழைய வீட்டம்மா முதல் பழத்துக்கு ஒரு சுளையாவது அனுப்பச் சொல்லிவிட்டுப் போவார். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயல் அந்த மரங்களில் ஏராளமானவற்றைச் சாய்த்தது. விழுந்த மரம் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே வசித்தவர்களிடம் பதில் இல்லை. நட்டவர் வேறு, தின்றவர் வேறு, நிலம் நிறுவனத்துடையது. ஓய்வுபெறும்போது மின்விசிறியையும் குழாயையும் கதவையும் சரிபார்த்து எழுதிவாங்கிக்கொண்டு சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருடம் பிள்ளை பெற்று வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்த வீட்டை அவர்கள் ஒருநாளும் 'எங்க வீடு' என்று மட்டும் சொல்லிக்கொண்டதில்லை. 'எங்க குவாட்டர்ஸ்' என்றுதான் சொன்னார்கள். 'வீடு' என்ற சொல்லை வடக்குத்தில் வாங்கிப்போட்ட மனைக்காக எடுத்துவைத்திருந்தார்கள்.

மற்ற குவார்ட்டர்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நெய்வேலி நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'குவார்ட்டர்' முடிவு வெளியாகும். செப்டம்பரில் பிள்ளைகளுக்குக் 'குவார்ட்டர்லி' வரும். இவற்றுக்குக் காலாண்டு என்ற நல்ல தமிழ் இருக்கிறது. செய்தித்தாள் அதை எழுதும், பையன் சொல்லமாட்டான். கால்பந்து, கிரிக்கெட்டில் காலிறுதி நன்றாகவே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் தானியத்துக்கும் ஒரு 'குவார்ட்டர்' உண்டு. 1215-இன் மாக்னா கார்ட்டா 'லண்டன் குவார்ட்டர்' என்று அதை நிலையான அளவாகக் குறிக்கிறது. அமெரிக்காவில் 25 சென்ட். நமக்கு அந்த இடத்தில் நாலணா இருந்தது. 1957 ஏப்ரலில் பைசாக் கணக்கு வந்த பிறகும் 25 பைசாவை நாலணா என்றே சொன்னோம், 2011 ஜூன் 30 அன்று அது செல்லாமல் போகும்வரை.

பாட்டிலுக்குத் திரும்பினால், 2003 நவம்பரில் மதுக்கடைகளைத் தமிழ்நாடு அரசே எடுத்து நடத்தத் தொடங்கியதும் இந்தச் சொல் எங்கும் பரவியது. முழு பாட்டில் 750 மில்லி. அது பழைய ஆங்கிலக் 'குவார்ட்' பாட்டிலின் வாரிசு. 'குவார்ட்' என்றாலே காலன் ஒன்றில் கால்பங்கு என்று பொருள். அப்படியானால் குவாட்டர் என்பது பெயரளவில் கால்பங்கில் கால்பங்கு. அளவிலோ 180 மில்லி. நாலு குவாட்டரைச் சேர்த்தாலும் ஒரு ஃபுல்லுக்கு 30 மில்லி குறையும். 2010-இல் 'குவார்ட்டர் கட்டிங்' என்று பெயர் வைத்து எடுத்த படத்துக்கு, தமிழ்ப் பெயர் இருந்தால் வரிவிலக்கு என்பதால் 'வ' என்று பெயர் மாற்றினார்கள். பார்ப்பதற்கு விளையாட்டு, ஆனால் சரியான தமிழ். பழைய தமிழ்க் கணக்கில் கால் என்பதை 'வ' என்றே எழுதினார்கள். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ' என்று வைத்து ஒருவரை 'அவ' லட்சணம் ஆக்கியது இந்தக் குறியை நம்பித்தான்.

'கால்' என்ற தமிழ்ச் சொல்லே நாலுகால் பிராணியின் ஒரு கால் என்பதிலிருந்து நாலில் ஒன்று ஆயிற்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சமஸ்கிருதப் 'பாதம்' என்பதும் காலாகவும் கால்பங்காகவும் நிற்கிறது. நட்சத்திரத்துக்கு நாலு பாதம். ஆனால் நெய்வேலிக் கதைக்கு வேண்டிய தமிழ்ப் பின்னம் 'கால்' அல்ல. அது 'காணி'.

பழைய எண்சுவடியில் 'மா' என்றால் இருபதில் ஒன்று. 'காணி' எண்பதில் ஒன்று, அதாவது மாவில் கால். நம் கணக்கிலும் காணி ஒரு குவார்ட்டர்தான். தஞ்சைப் பக்கம் ஒரு வேலி நிலம் இருபது மா. நெய்வேலி என்ற பெயரில் இருப்பதும் ஒரு வேலி. பின்னம் நிலமாயிற்றா, நிலத்தை அளந்ததால் பின்னத்துக்குப் பெயர் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. தென்னார்க்காட்டிலும் புதுச்சேரியிலும் காணி என்பது நடைமுறை நில அளவு. 132 சென்ட் ஒரு காணி. நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றைக்கும் "ரெண்டு காணி மல்லாட்டை போட்டிருக்கேன்" என்றுதான் பேச்சு.

அங்கிருந்து அந்தச் சொல் உரிமைக்கு ஏறியது. சோழர் கல்வெட்டுகளில் காணி என்றால் வழிவழியாக ஆளும் உரிமை. காணியாட்சி, காணியாளர் எல்லாம் அதன் விரிவு. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818-இல் மிராசு உரிமை பற்றி எழுதியபோது, அந்த அரபுச் சொல்லுக்குக் கீழே இருக்கும் தமிழ்க் கருத்து காணியாட்சிதான் என்று விளக்கினார். அந்த உரிமை எல்லோருக்கும் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உழுத பறையருக்கும் பள்ளருக்கும் காணி இல்லை. இலங்கைத் தமிழில் இன்று நிலம் என்பதற்குச் சாதாரணச் சொல்லே காணி. காணி உறுதி என்றால் பத்திரம். மலையகத்தில் லயத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி என்ற திட்டம் வந்தபோது, இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நின்றன.

ஆங்கிலப் பின்னம் தங்கும் இடமாயிற்று. தமிழ்ப் பின்னம் ஆளும் நிலமாயிற்று. நெய்வேலியில் இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தன. காணியைக் கொடுத்தவர்கள் இருந்த இடத்தில் குவார்ட்டர்ஸ் எழுந்தது.

பக்கத்து வடலூரில் வேறு விதமான ஒரு கொடை நடந்திருக்கிறது. 1867-இல் பார்வதிபுரம் கிராமத்தார் வள்ளலாருக்கு எண்பது காணி நிலத்தை எழுதிக்கொடுத்தார்கள். ஏக்கர் கணக்கில் அது 106. தருமசாலையும் பிறகு சத்திய ஞான சபையும் அங்கே எழுந்தன. 2024-இல் அரசு அந்தப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட முனைந்தபோது பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். கொடுத்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், எதற்காகக் கொடுத்தோம் என்று கேட்கும் பாத்தியதை தங்களுக்கு உண்டு என்று அவர்கள் நினைக்கிறார்கள். காணி என்ற சொல்லின் கனம் அது.

சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்களின் கதை இதிலிருந்து வேறு. அங்கே கொடை இல்லை, கையகப்படுத்தல். முதலில் போனவர்களுக்குக் கிடைத்த பணம் அன்றைய புன்செய் விலை. மாற்று மனைகள் சென்ட் கணக்கில் கிடைத்தன. வீட்டுக்கு ஒரு வேலை என்ற கோரிக்கை தலைமுறை தாண்டி நிற்கிறது. வேலை கிடைத்தவர்களிலும் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே நின்றுபோனார்கள். குவார்ட்டர்ஸ் முதன்மையாக நிரந்தரப் பணியாளருக்கு. ஆகவே காணியைக் கொடுத்தவரின் பேரன் டவுன்ஷிப்புக்குள் ஷிப்ட் பார்த்துவிட்டு நுழைவாயில் வளைவைத் தாண்டி 'வெளியில்' இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர்விட்ட நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நட்டு வளர்த்த பயிரை அறுக்கவாவது விடக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று, போராட்டம் கலவரத்தில் முடிந்தது. ஆவணப்படி அது நிறுவனத்தின் நிலம், வாய்மொழியில் அது இன்னும் 'எங்க காணி'. பணமும் வேலையும் ஒருபுறம் இருக்க, சண்டையின் ஒரு பகுதி இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் நடக்கிறது.

மின்சாரம் வேண்டாம் என்றோ, டவுன்ஷிப் கட்டியது தவறு என்றோ நான் சொல்லவரவில்லை. குவார்ட்டர்ஸ் பல ஆயிரம் குடும்பங்களைக் கரையேற்றியது. கூரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் கவலைப்படாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து உலகெங்கும் போயிருக்கிறது. எத்தனை வயதானாலும் பிளாக் எண்ணைச் சொல்லிப் பழைய நண்பர்களை அடையாளம் காண்கிறார்கள். 2020-இல் முதல் அனல்மின் நிலையத்தின் இயக்கம் முடிவுக்கு வந்தது. பழைய பிளாக்குகளில் பூட்டிய வீடுகளைப் பார்க்க முடிகிறது. வேலை முடிந்தால் அந்தக் கூரையும் முடிந்தது என்பது அந்தச் சொல்லுக்குள் முதலிலிருந்தே இருக்கும் நிபந்தனை.

அதனால்தான் குவார்ட்டர்ஸுக்குக் 'குடியிருப்பு' என்று எழுதுவது போதவில்லை என்பது என் கருத்து. குடியிருப்பு என்றால் குடி இருக்கிற இடம். அதில் காலக்கெடு இல்லை. 'பணியாளர் குடியிருப்பு' ஓரளவு நெருங்குகிறது, ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. பேசுகிறவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட சொல் 'குவாட்டர்ஸ்'. அதைத் தமிழ்ச் சொல்லாகவே ஏற்று, 'பணிக்காலம்வரை நிறுவனம் ஒதுக்கித் தரும் வீடு' என்று அகராதிகள் பொருள் எழுத வேண்டும். 'ஸ்' இல்லாத 'குவாட்டர்' அதற்கு அடுத்த தனிப் பதிவாக வரட்டும்.